பத்து மாச அட்வான்ஸ்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் 1994ஆம் வருடத்துப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். கடைசி பெஞ்ச் என்று சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, தரமணிப் பக்கம் அலுவலகம், கைக்கு வரும் சம்பளம் 24,000. முதல் ஆறு மாதம் அம்மா கூட இருப்பதாகத் திட்டம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் மூன்று நாள் வெயிலில் அலைந்து வீடு பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு. வாடகை 12,000, அட்வான்ஸ் பத்து மாசம் 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

"நகைய வச்சிரலாம்னு இருக்கேன் சார். உங்க காலத்துல இப்பிடியெல்லாம் இருந்திருக்காது, என்ன?" என்றார்.

இருந்ததப்பா என்றேன். எங்கள் வீட்டு நகையும் அடகுக் கடைக்குப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன். வரலாற்று வாத்தியாரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் இரண்டு வரியில் பதில் வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்ராசுக்குப் பிழைக்க வருகிறவனுக்கு முதல் கவலை சோறு இல்லை. சோறு எங்காவது கிடைக்கும். ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்பதுதான் கவலை. நம் ராமானுஜன், கணித மேதை, அவருக்கும் அதே கவலைதான். 1912 பிப்ரவரியில் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்தில் உள்ள விலாசம் திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ். அதற்கு முன்னால் அவர் மெட்ராசில் நண்பர்களை அண்டித்தான் இருந்தார். மாநிலக் கல்லூரி மாணவர்கள் தங்கும் விக்டோரியா ஹாஸ்டலிலும் ஒதுங்கியிருக்கிறார். அந்த வேலைக்குச் சம்பளம் மாதம் 30 ரூபாய். உலகமே கொண்டாடிய மூளைக்கு இந்த நகரம் முதலில் கொடுத்தது இன்னொருவர் அறையில் ஒரு மூலைதான். வகுப்பில் ராமானுஜனைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் அவர் எங்கே படுத்தார் என்று இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவருக்கு அறுபது வருடம் கழித்து, 1973இல், பி.ஏ. முடித்த கையோடு அதே திருவல்லிக்கேணிக்கு நானும் வந்தேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, சம்பளம் 210 ரூபாய். மேன்ஷன் என்று பெயர் வைத்த மூன்று மாடிக் கட்டடம். மேன்ஷன் என்றதும் மாளிகை என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூன்று கட்டில், ஆள் நான்கு. நான்காவது ஆள் மொட்டை மாடியில் பாய் விரிக்க வேண்டும். மழைக் காலத்தில் நடைவழி. புதிதாக வந்தவன் நான், ஆகவே நான்தான் நான்காவது ஆள். என் பங்குக்கு மாதம் 35 ரூபாய். மாடிக்கு ஒரு குளியலறை. காலை ஐந்து மணிக்கே பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும், ஆள் நிற்க மாட்டான், பக்கெட்டுதான் ஆள். சாப்பாடு மெஸ்ஸில், மாதத்துக்கு டோக்கன் வாங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் கிடையாது என்பதால் அன்று பலர் மெரினாவில் சுண்டலோடு நாளை முடித்துக்கொள்வோம்.

திருவல்லிக்கேணியில் இத்தனை மேன்ஷன்கள் முளைத்ததற்குக் காரணம் உண்டு. மவுண்ட் ரோடு அலுவலகங்கள், கோட்டைத் தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம் எல்லாம் நடந்து போகிற தூரம் அல்லது ஒரு பஸ் டிக்கெட். பஸ் செலவு மிச்சமானால் அந்தக் காசு வாடகைக்கு ஆகும். இதை எந்த நகரத் திட்டமும் உண்டாக்கவில்லை. கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு தர யாரும் தயாராக இல்லை, ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி வந்துகொண்டே இருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் மேன்ஷன் பிழைத்தது.

எனக்கு அந்த இடம் கிடைத்தது எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரால். மேன்ஷன் மேனேஜருக்கு அவர் வேண்டியவர். "நம்ம புள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னார், அட்வான்ஸ்கூட இல்லாமல் இடம் கிடைத்தது. இதுவரை இந்தக் கதையைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று அண்ணாச்சியிடம் நான் தனியாகப் போகவில்லை. கல்லூரியில் என்னோடு படித்த நண்பனும் வந்தான். என்னைவிட அதிக மார்க் வாங்கியவன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. அண்ணாச்சி என்னிடம் யார் மகன் என்று கேட்டார், சொன்னேன். அவனிடம் கேட்டார். எந்தத் தெரு என்றும் கேட்டார். அவன் மறைக்காமல் சொன்னான். "ஒரு இடந்தான் தம்பி இருக்கு" என்றார். மறு வாரமே எங்கள் பக்கத்து அறையில் வேறொரு ஊர்ப் பையன் வந்து சேர்ந்தான். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை, மறு வாரமும் திறக்கவில்லை.

அவன் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் சித்தி வீட்டுக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தான். ஊர்க்காரர் உதவி என்று நாம் உருகி உருகிச் சொல்கிறோமே, அந்தக் கயிறு எல்லார் கைக்கும் எட்டியதில்லை. கூவம் கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க் கரை, கடற்கரை மணல் என்று கயிறு எட்டாதவர்கள் தங்கள் கையாலேயே கூரை போட்டுக்கொண்டார்கள். 1971இல் எடுத்த கணக்கில் மெட்ராசில் 1,202 குடிசைப் பகுதிகள், அவற்றில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். நகரத்தின் மொத்த மக்கள்தொகை அப்போது 25 லட்சத்தை ஒட்டி. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு மாடி கட்டினார்கள். கடலோரம் நொச்சிக்குப்பத்துக் குடியிருப்புகளை நீங்கள் மெரினாவிலிருந்தே பார்த்திருப்பீர்கள். மனிதன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு. நல்ல யோசனை. 2000க்குப் பிறகு அந்த யோசனை கைவிட்டுப் போனது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போயின. வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் போகும் பெண்ணுக்கு அங்கிருந்து பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். வாரியத்துக்கு 2021இல் பெயரும் மாற்றியாயிற்று, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று.

கதைக்கு வருகிறேன். 1976இல் எனக்குக் கல்யாணம். குடும்பஸ்தன் ஆகிவிட்டால் வீடு தானாகக் கிடைக்கும் என்று மேன்ஷனில் எல்லாரும் சொன்னார்கள். கிடைத்தது, ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு போர்ஷன். இந்தத் தலைமுறைக்கு அந்த வார்த்தையே தெரியாது. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' (1968) படத்தைப் பாருங்கள், தெரியும். ஒரே வீட்டுக்குள் பல குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் நாகேஷ். அவருக்குப் பெயரே மாடிப்படி மாது. சிரித்துச் சிரித்துப் பார்த்த படம்தான், ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு அடியில் படுத்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். எங்கள் வீட்டில் ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, பின்கட்டில் இரண்டு கக்கூஸ். எங்கள் போர்ஷன் ஒரு அறையும் ஒரு சமையல் மறைப்பும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரர் மெயினை அணைத்துவிடுவார். விருந்தாளி வந்து இரண்டு நாள் தங்கினால் "தண்ணி கூட செலவாவுதே" என்று எங்கள் காதில் விழும்படி அவர் மனைவியிடம் சொல்வார்.

வாடகை 110. அட்வான்ஸ் ஐந்து மாசம், 550 ரூபாய். கையில் இருந்தது 200. மீதிக்கு என் மனைவியின் தோடு போனது. அவள் அம்மா போட்ட தோடு. வெறுங்காதோடு ஊருக்குப் போக முடியாது என்று கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டாள். 1979இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தபோது, வெள்ளையடிக்க, கதவு பழுது, கரண்ட் பாக்கி என்று கழித்து வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தது 180 ரூபாய். வட்டி ஏறித் தோடு அதற்கு முன்பே மூழ்கிவிட்டது. பிறகு எத்தனையோ தோடு வாங்கிக் கொடுத்தேன். "அது அம்மா தோடு இல்லையே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பல வருடம் கழித்து ஒரு வக்கீல் நண்பர் பேச்சுவாக்கில் சொன்னார், அந்த 550 ரூபாயை வாங்கியதே சட்டப்படி தப்பு என்று.

1960ஆம் வருடத்துக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில் ஏழாவது பிரிவு. வீட்டுக்காரர் அட்வான்சாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கினால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குடியிருப்பவர் விரும்பினால் வாடகையில் கழிக்க வேண்டும். ஒரு மாதம்! நான் வரலாறு படித்தவன், பேப்பர் ஒரு வரி விடாமல் படிப்பவன், எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் இருந்த மற்ற ஆறு குடித்தனத்துக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்தான் என்ன, சட்டப் பிரிவைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பவனுக்கு யார் வீடு தருவார்கள்?

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உலகப் போரில் போய் நிற்கும். போர்க் காலத்தில் வாடகை ஏறியது. 1941இல் மெட்ராஸ் அரசு வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நகரமே காலியானது. எங்கே பார்த்தாலும் டு-லெட் பலகை, வாடகைக்கு ஆள் இல்லை. மெட்ராசின் வரலாற்றில் வீட்டுக்காரர் குடித்தனக்காரரைத் தேடி அலைந்த காலம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பயம் தெளிந்ததும் போனவர்கள் திரும்பினார்கள், கூடவே புதியவர்களும் வந்தார்கள். 1941 கணக்கில் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1951இல் 14 லட்சத்துக்கு மேல். நகர எல்லை விரிந்ததும் அதில் சேர்த்தி என்றாலும் வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வீடு அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆகவே போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. 1946இல் ஒரு சட்டம், 1949இல் ஒரு சட்டம், பிறகு நான் சொன்ன 1960 சட்டம்.

அந்தச் சட்டத்தைப் படித்தால் ஆசையாக இருக்கும். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தன் ஊழியர்களுக்கு வேண்டுமென்றால் அரசு எடுத்துக்கொள்ளும். நியாய வாடகை என்று ஒன்று உண்டு, குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று பின்னால் திருத்தி வைத்தார்கள். வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல் என்று சொன்ன காரணங்களுக்கு மட்டும்தான் காலி செய்யச் சொல்ல முடியும், அதுவும் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் போய்.

பலன்? ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அது கவசம். பழைய வாடகையிலேயே இரண்டு தலைமுறை இருந்தவர்களை எனக்குத் தெரியும். வெளியே நின்றவனுக்கு அதுவே பூட்டிய கதவு. ஒருவனை உள்ளே விட்டால் வெளியே அனுப்பப் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று வீட்டுக்காரர் பயந்தார். அந்தப் பயத்துக்குக் கைமேல் பிடிமானமாக அவர் கண்டுபிடித்ததுதான் பெரிய அட்வான்ஸ் என்பது என் கணிப்பு. பணம் அவர் கையில் இருந்தால் நாம் வம்பு பண்ண மாட்டோம். அதற்கு வரும் வட்டி ரசீதில் ஏறாத வாடகை. பம்பாயிலும் இதே கதை வேறு வேஷத்தில். அங்கே 1947 சட்டம் வாடகையை 1940ஆம் வருடத்து அளவில் கட்டிப்போட்டது. பகடி என்ற பெயரில் மொத்தப் பணம் கைமாறியது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கீழ்வீட்டு வாடகையில் மருந்து வாங்கும் ஓய்வூதியம் இல்லாத கிழவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்களுடைய பயத்துக்கு ஆன செலவைப் புதிதாக ரயிலில் வந்து இறங்கியவன்தான் கட்டினான்.

எனக்கு ஐந்து மாசமாக இருந்தது, 1991இல் என் தங்கை குடும்பம் போனபோது பத்து மாசமாகியிருந்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பிறகு பழைய மகாபலிபுரம் ரோட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், உங்களில் பாதிப் பேர் அங்கேதானே இருக்கிறீர்கள்.

அரசு வீடு கட்டவே இல்லையா என்று கேட்பீர்கள். கட்டியது. வீட்டு வசதி வாரியம் 1961இல் வந்தது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் எல்லாம் அவர்கள் கைவேலை. ஆனால் அவை மனைக்கும் தவணைக்கும் பணம் கட்ட முடிந்தவர்களுக்கு. நேற்று வந்து நாளை வேலையில் சேருகிறவனுக்கு அங்கே இடமில்லை. என்னைக் கேட்டால், மெட்ராசில் எளியவனுக்கு மலிவு வீடு கொடுத்த பெரிய திட்டம் ஒரு ரயில் பாதை. பீச் முதல் தாம்பரம் வரை 1931இலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வாடகை குறைந்த இடத்தில் குடியிருந்துகொண்டு, சீசன் டிக்கெட் எடுத்து, பாரிமுனைக்கு வேலைக்குப் போன குமாஸ்தாக்கள் எத்தனை ஆயிரம்! பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது 2007இல். வந்த பிறகு அங்கே வாடகை ஏறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய சட்டம் இப்போது இல்லை. 2017இல் புதுச் சட்டம் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துத் திருப்பித் தர வேண்டும். ஒரு மாதம் மூன்று மாதமானதில் எனக்குக் குறையில்லை, நடக்கக்கூடிய அளவு அது. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு சிறு வாசகம் இருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. வீடு தேடி மூன்றாம் நாள் வெயிலில் நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

அந்த மாணவரிடம் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். 1,20,000க்கு நகையை வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,200. ஆக வாடகை 12,000 அல்ல, 13,200. வட்டி இரண்டு ரூபாய் என்றால் 14,400. மகளின் சம்பளத்தில் பாதிக்கு மேல் கூரைக்கே போகும். மூன்று மாதம் என்று பேசிப் பாருங்கள், ஐந்துக்காவது இறங்குவார்கள், எதைக் கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் தொகையை எழுதி வாங்குங்கள், பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், உள்ளே போன அன்றே சுவரையும் கதவையும் போனில் படம் எடுத்து வையுங்கள் என்றேன். எனக்கு 1976இல் யாராவது சொல்லியிருக்க வேண்டியது இது. அரசின் தோழி விடுதிகளையும் விசாரிக்கச் சொன்னேன். தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது.

இதை எழுதும்போது என் பழைய நண்பனுக்கும் போன் போட்டேன். அவன் சித்தி குடும்பத்துக்குக் கால்வாய்க் கரையில் இருந்து வாரிய அடுக்கு மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அங்கிருந்தே வேலைக்குப் போனான், பரீட்சை எழுதினான், அரசு வேலைக்குப் போனான். இப்போது தாம்பரம் தாண்டிச் சொந்த வீடு. அண்ணாச்சி விஷயத்தை எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அன்னைக்கி உன்னை நான் தப்பா நெனைக்கலடே. ஆனா நீ ஒரு தடவ அந்தக் குடிசைக்கு வந்து பாத்திருக்கலாம்" என்றான்.

மூன்று வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். நான் போனதில்லை.

பதிவின் காரணத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் அடுத்த மாதம் மூன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெருங்குடி, தரமணிப் பக்கம் இருக்கிற நம் மாணவர்கள், உறவுகள் யார் வீட்டிலாவது அவளும் அவள் அம்மாவும் இரண்டு மூன்று மாதம் இருக்க ஓர் அறை இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வாடகை கொடுப்பார்கள். என்ன ஆட்கள் என்று என்னிடம் கேட்பதாக இருந்தால் அனுப்ப வேண்டாம்.